தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே

பூவராகவன் விழுந்தது ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை. எந்த நேரத்தில் விழுந்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு நன்றாக இருந்தான். அது நிச்சயம். சாயப்பட்டறையில் அன்றைக்கு மோட்டார் ஓடாததால் மத்தியானமே வந்து, சோறு தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தான். அம்சவேணி தூக்குப் பாத்திரத்தில் கேழ்வரகு அடைகளை அடுக்கி மூடும்போது எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னாமே, வாசன ஆளத் தூக்குது. ஒண்ணு வெச்சிட்டுப் போ."

"குடுக்கக் கூடாது மாமா. இது குழுவுக்குச் செஞ்சது. உனக்கு சாயங்காலம் வேற சுட்டுத் தரேன்."

"கட்னவனுக்கு இல்லாத அடையா? நல்லா இருக்குதுடி உங்க சட்டம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவள் திரும்பி வந்தபோது பானைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. சொம்பு உருண்டு சுவரோரம் போயிருந்தது. அதிலிருந்து கொட்டிய தண்ணீர் ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஈரம் மிச்சமிருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா இவரை நல்லா இருக்கப் பார்த்தது எத்தனை மணிக்கும்மா?"

"மூணு மணிக்கு சார்."

"எப்ப விழுந்தாரு?"

"தெரியல சார்."

"வீட்ல யாரும் இல்லையா? நீங்க எங்க இருந்தீங்க?"

படிவத்தை நிரப்புவதற்கான கேள்வி அது. அவர் குரலில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அம்சவேணி கையை முந்தானைக்குள் மறைத்தாள். அவள் விரல்களில் கருவாட்டுத் தொக்கின் வாசனை அப்போதும் இருந்தது.

அவள் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்தாள்.

வேகவதி ஆற்றைத் தாண்டிய காலனியில், இரண்டு தெரு கூடுகிற இடத்தில், நான்கு சிமெண்டுத் தூண்களின் மேல் நிற்கிற தொட்டி அது. அடிப்பக்கம் எப்போதும் லேசாகக் கசியும். கத்திரி வெயிலிலும் அங்கே தரை குளிர்ந்திருக்கும். கீழே உட்கார்ந்து பேசினால் சத்தம் மேலே பட்டுப் பெரிதாகித் திரும்பும். அங்கே ஒருத்தி தும்மினால் அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும்.

செவ்வந்தி மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோரும் வங்கிக் கடனுக்காகச் சேர்ந்தவர்கள்தான். அதைச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தலைவி லில்லி நோட்டை மூடிப் பைக்குள் வைப்பாள். அவள் மூடிய பிறகுதான் குழு தொடங்கும்.

லில்லி பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சமைக்கிறவள். விடிவதற்குள் நூறு பிள்ளைகளுக்கு உப்புமா கிண்டிவிட்டு வருவாள். அந்தச் சட்டத்தைப் போட்டதும் அவள்தான். முன்பெல்லாம் யாராவது எதையாவது செய்து கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒன்று கையில் வாங்கி, முந்தானையில் முடிந்து, வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பிள்ளைக்கு, பேரனுக்கு, புருஷனுக்கு. ஒருநாள் லில்லி சுற்றிப் பார்த்தாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தி வாயும் அசையவில்லை.

"இன்னாடி இது, ரேஷன் கடையா?" என்றாள். "அடுத்த வாரத்திலிருந்து இங்க வந்த பண்டம் இங்கயே தின்னணும். வூட்டுக்கு ஒரு துண்டு போவக் கூடாது. வூட்லருந்து வரச்சயும் அதுல யாருக்கும் பங்கு கெடையாது. நான் ஊருக்கே ஆக்கிப் போடுறவ. எனக்கும் இன்னொருத்தி கையால ஆக்குனத ஒரு வாட்டி உக்காந்து துன்னணும்னு இருக்குது."

முதல் இரண்டு வாரம் தொண்டையில் இறங்கவில்லை. குற்றம் செய்வது போலத் தின்றார்கள். பிறகு பழகிவிட்டது. பிறகு புதன்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் புதன்கிழமை அம்சவேணியின் முறை. முருங்கைக்கீரையும் இடித்த வேர்க்கடலையும் போட்ட அடை, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. எல்லோர் கையிலும் அடை இருக்கும்போது செல்லியம்மாள் ஆரம்பித்தாள். ஐம்பத்தெட்டு வயது. வாய்க்குப் பேர்போனவள்.

"நேத்து நான் தாமலுக்குப் போயிட்டு வந்தேன்டி."

"அங்க உனக்கு யாரு இருக்குறாங்க அத்த?"

"ஒருத்தரும் இல்ல. அதான் போனேன்."

"அய்ய, எதுக்கு?"

"பொம்பளைக்குத்தான் டிக்கெட்டு இல்லியே. ஜன்னலோரம் எடம் இருந்துது. ஏறிக்கினேன். எங்கம்மா எறங்கணும்னான் கண்டக்டரு. எங்க நிக்குதோ அங்கன்னேன். எறங்கி ஏரியப் பாத்தேன். தண்ணி இல்ல. ரெண்டு மாடு நின்னுக்கினு இருந்துது. அதே பஸ்ஸு திரும்புச்சி. திரும்ப ஏறிக்கினேன். 'இன்னாம்மா, போன வேல முடிஞ்சிதா'ன்றான். 'உனக்கு இன்னா வேலப்பா அங்க? நீயும் போயிட்டுத்தான வர்ற'ன்னேன்."

தொட்டிக்குக் கீழே சிரிப்பு வெடித்தது. அம்சவேணிக்கு அடை புரையேறியது. பக்கத்தில் இருந்த சிம்ரன் அவள் உச்சந்தலையில் தட்டினாள். சிரிப்பு அடங்கும்போது லில்லி, "மாமாவுக்கு இன்னா சொன்ன?" என்றாள். "ரேஷன் கடையில கூட்டம்னேன். நம்பிட்டான். வெறும் பையோட வந்தேனே, அதையாச்சும் பாக்குறானா?" மறுபடியும் வெடித்தது. அதுவும் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமலே, அம்சவேணிக்கு அந்த மாடுகள் ஞாபகம் வந்து "ரெண்டு மாடு" என்றாள். மூன்றாவது முறையும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள்.

அந்த நேரத்தில் அவன் தரையில் கிடந்தான்.

பூவராகவனின் அக்கா காவேரி திருப்புட்குழியிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே கேட்டாள்.

"தெருவே சொல்லுது. எந்தம்பி இங்க உசுருக்குப் போராடிக்கினு இருந்தான், நீ அங்க பல்லக் காட்டிக்கினு இருந்தியாமே? உன் சிரிப்பு எட்டூருக்குக் கேட்டுதாம். அவன் கூப்ட்டது உனக்குக் கேக்கல."

"அண்ணி..."

"ஒண்ணியும் பேசாத. தண்ணி மோக்கப் போயிருக்கான். மோந்து குடுக்க ஆள் இருந்திருந்தா?"

அவன் அடை கேட்டதையும் தான் கொடுக்காமல் போனதையும் அம்சவேணி யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது. சொன்னால் புரிகிறது, பதில்தான் வருவதில்லை என்று டாக்டர் சொன்னார். வரும், மெதுவாக வரும் என்றும் சொன்னார்.

அவன் விழும்வரை அம்சவேணி பாவு பிணைக்கப் போய்க்கொண்டிருந்தாள். தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புதிய இழையை வைத்து முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஐயாயிரம் இழை வரும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே உருட்டு. பிள்ளையார்பாளையத்தில் நான்கைந்து தறிக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வீட்டை விட்டுப் போக முடியாது. அவர்களில் ஒருவர் பட்டுநூலைக் கொடுத்தனுப்ப, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ராட்டினத்தை வைத்துத் தறியின் குறுக்கிழைக்கான தார்க் குச்சிகளில் நூல் சுற்றினாள். ஒரே மகள் அனு அரக்கோணத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். தினமும் போனில் அழுவாள். அம்சவேணிதான் அவளைத் தேற்றுவாள்.

விடிந்ததும் உடம்பு துடைப்பது, புரட்டிப் போடுவது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது, கஞ்சி, மாத்திரை, கைக்குப் பயிற்சி, தார். பூவராகவனின் நகங்களில் சாயப்பட்டறையின் சிவப்பு ஏறியிருந்தது. பத்து வருஷம் கழுவியும் போகாத சிவப்பு. இப்போது நகத்தின் அடியில் வெள்ளை முளைத்து, சிவப்பை மெல்ல மெல்ல நுனிக்குத் தள்ளியது. இடது கையில் வேகமாகவும், வராத வலது கையில் மெதுவாகவும். அவள் வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டினாள்.

ஆடியில் ஒருநாள் மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்சவேணி அதே சொம்பில் தண்ணீர் மொண்டு, பானைக்குப் பக்கத்தில் அதே இடத்தில் கொட்டினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓரம் காயத் தொடங்கியது. ஈரம் சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

அப்படியானால் மூன்று இருபது. செல்லியம்மாள் தன் கதையில் பஸ் ஏறிய நேரம்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்குத் தொட்டிப் பக்கம் இருக்கிற ஜன்னலைச் சாத்திவிடுவாள். சாத்தினாலும் கேட்கும். அவள் சாத்தும்போதெல்லாம் பூவராகவன் "ஊ, ஊ" என்று ஒரு சத்தம் போடுவான். அவனுக்கும் அந்தச் சிரிப்பு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு, தாழ்ப்பாளையும் போடுவாள்.

ஆவணியில் லில்லி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அவனுக்காகச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள். பிறகு அம்சவேணியைப் பார்த்தாள்.

"எளச்சிட்டியேமா. நீ வந்து எத்தினி வாரமாவுது தெரியுமா?"

"எம்பேர எடுத்துடுக்கா."

"எதுக்கு எடுக்கணும்?"

"வேற யாரையாச்சும் சேத்துக்கோ. என்னால வர முடியாது."

"முடியாதா, கூடாதா?"

அம்சவேணி ராட்டினத்தைச் சுற்றினாள். நூல் அறுந்தது. இரண்டு நுனியையும் விரலில் வைத்து உருட்டிச் சேர்த்தாள்.

"அன்னிக்கி நான் வூட்ல இருந்திருக்கணும்க்கா."

"இருந்திருந்தா விழாம புடிச்சிருப்பியா? அது மூளைக்குள்ள வர்றது."

"ஒரு சொம்புத் தண்ணியாச்சும் குடுத்திருப்பேன்."

போகும்போது லில்லி வாசலில் நின்று, "பேர எடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்சவேணி எட்டிப் பார்த்தாள். பதினோரு பேரும் நின்றார்கள்.

"நீ வரலன்னா நாங்க வரோம்" என்றாள் செல்லியம்மாள். "இனிமே குழு இங்கதான். எல்லாரும் ஒரே முடிவா எடுத்தாச்சி."

அம்சவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. பாயை உதறி விரித்தாள். போதவில்லை. பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கி வந்தாள். தொகுப்பு வீட்டின் ஒரே அறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பதினோரு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். கட்டிலில் பூவராகவன் கண்ணை மட்டும் உருட்டி ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். எல்லோரும் சேலையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"நல்லா தேறிட்டாரு."

"ஆமா, மொகத்துல களை வந்துடுச்சி."

"எண்ண தேய்க்கிறியா? வேலூர் பக்கம் ஒருத்தர் எண்ண குடுக்குறாராம்."

"எங்க சித்தப்பாவுக்கும் இப்பிடித்தான். ஆறு மாசத்துல எழுந்து நடந்தாரு."

குரல்கள் எழவில்லை. சாவு வீட்டில் பேசுவது போலப் பேசினார்கள். லில்லி நோட்டைத் திறந்து, மூடினாள். அன்றைக்கு ஒருத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காய் துருவிப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். செல்லியம்மாள் முதல் துண்டை எடுத்தவள், கட்டிலைப் பார்த்துவிட்டு அம்சவேணியிடம் நீட்டினாள்.

"மொதல்ல அவருக்கு மசிச்சிக் குடு. பாக்க வெச்சிக்கினு நாம துன்னலாமா?"

அது சரிதான். யாரும் மறுக்கவில்லை. அம்சவேணி கிண்ணத்தில் போட்டு மசித்து, பால் விட்டுக் குழைத்து, ஸ்பூனால் ஊட்டினாள். ஊட்டி முடித்து, வாய் துடைத்து, பிறகு எல்லோருக்கும் டீ போடப் போனாள். பால் போதவில்லை. தண்ணீர் சேர்த்தாள். அவள் வந்து உட்கார்ந்தபோது நான்கு மணி. அவள் பங்கு கிழங்கு மூடிவைத்த தட்டில் ஆறிப்போய் இருந்தது. அதை எடுத்துச் சாயங்காலத்துக்கென்று அடுக்கில் வைத்தாள்.

அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும். புதன்கிழமை வருகிறதென்றால் முதல் நாளே அவளுக்குக் கை பரபரக்கும். அறையைக் கழுவ வேண்டும். மூத்திர வாடை போக பினாயில் ஊற்ற வேண்டும். பூவராகவனுக்குச் சட்டை மாட்டி உட்கார வைக்க வேண்டும். பன்னிரண்டு டம்ளர் இல்லை, ஐந்தைக் கடன் வாங்க வேண்டும். முன்பு புதன்கிழமைக்காகத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியது அவளா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இதை எப்படிச் சொல்வது? வெயிலில் நடந்து, வேலையை விட்டு, அவளுக்காக வருகிறார்கள். வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

புரட்டாசியில் எட்டுப் பேர் வந்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் ஐந்து பேர். ஆளுக்கொரு காரணம். எல்லாமே நியாயமான காரணம்.

அந்த ஐந்து பேரில் சிம்ரன் ஒருத்தி. இருபத்துமூன்று வயது. சுங்குவார்சத்திரத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வருவாள். அன்றைக்கு மற்றவர்கள் கிளம்பிய பிறகு பின்பக்கம் வந்து டம்ளர் கழுவ உட்கார்ந்தாள்.

"நான் கழுவிக்கிறேன், போய்த் தூங்குமா."

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"இது நல்லா இல்லக்கா."

அம்சவேணி கையை நிறுத்தினாள்.

"வூட்ல எங்க மாமியா என்ன 'ஏய்'னு கூப்புடும். கம்பெனியில நம்பர். தொட்டிக்குக் கீழ வந்தாதான் நான் சிம்ரன். உக்காந்ததும் செல்லி அத்த 'வாடி சினிமாக்காரி'ன்னும். கடுப்பா இருக்கும், ஆனா அதுக்குத்தான் வருவேன். இங்க வந்தா... இதுவும் ஒரு வூடாத்தான் இருக்குது. நீங்க டீ போடுறீங்க. நான் டம்ளர் கழுவுறேன். இத நான் எங்க வூட்லயே செய்வேனே."

சொல்லிவிட்டுப் பயந்துபோய் உதட்டைக் கடித்தாள்.

"தப்பா பேசிட்டேனாக்கா?"

"இல்ல" என்றாள் அம்சவேணி. இரண்டு பேரும் கடைசி டம்ளர் வரைக்கும் கழுவினார்கள்.

சிம்ரன் போனதும் உள்ளே வந்தாள். மழை விட்டிருந்தது. ஐந்து மணி வெளிச்சம் ஈரமாக இருந்தது. இடது கையை எடுத்து நகம் வெட்டத் தொடங்கினாள். சிவப்பு இப்போது நுனியில் ஒரு நூல் அகலத்துக்குத்தான் இருந்தது. பூவராகவனுக்குச் சில சொற்கள் திரும்பியிருந்தன. தண்ணி. போதும். அம்சா. ஒவ்வொரு சொல்லுக்கும் நெற்றியில் வேர்க்கும்.

"அம்சா."

"இன்னா மாமா? வெளிய போவணுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினான். கையை அவளிடமிருந்து இழுத்துக்கொண்டு ஜன்னலைக் காட்டினான்.

"தெற."

"ஈரக் காத்து அடிக்குது மாமா."

"தெற."

தாழ்ப்பாளை எடுத்தாள். தெருமுனைக்கு அப்பால் தொட்டியின் தலை தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் எதையோ தேடியது.

"அன்னிக்கி... கேட்டுது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. நகவெட்டியைக் கீழே வைத்தாள். ஐந்து மாதமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"இன்னா கேட்டுது?"

"நீ... சிரிச்சே."

"ஆமா மாமா" என்றாள். "சிரிச்சிக்கினுதான் இருந்தேன். நீ அடை கேட்ட. நான் குடுக்கல. போயி சிரிச்சிக்கினு இருந்தேன்."

அவன் தலையை வேகமாக ஆட்டினான். அது இல்லை, அது இல்லை என்று இடது கை காற்றில் அடித்தது. எச்சில் வழிந்தது. அவள் துடைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கூப்ட்டேன். வரல. கொரலு... வரல."

"ம்."

"சத்தம்... கேட்டுது. நீ... அங்க கீற."

"ம்."

"நின்னா... வருவே." மூச்சு வாங்கினான். "சிரிப்பு... நின்னா... வூட்டுக்கு வருவே. எண்ணிக்கினு... இருந்தேன்."

மூன்று விரலைக் காட்டினான்.

அம்சவேணி அந்த விரல்களைப் பார்த்தாள். கண்டக்டர். வெறும் பை. ரெண்டு மாடு. மூன்று.

தரையில் கன்னம் பதித்து, அசைய முடியாமல், கூப்பிட முடியாமல் அவன் கிடந்திருக்கிறான். பிடித்துக்கொள்ள அவனுக்கு இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். இப்போது நிற்கும், நின்றதும் வருவாள். இப்போது நிற்கும். அவள் சாத்திய ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் "ஊ, ஊ" என்றது ஜன்னலைத் திறக்கச் சொல்லி.

அவன் கையை மெல்ல இறக்கி, பாய்கள் சுருட்டிக் கிடந்த இடத்தைக் காட்டினான்.

"இங்க... சத்தம் இல்ல." பிறகு ஜன்னலைக் காட்டினான். "போ."

அவள் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். விழுந்த நாளிலிருந்து அழவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் இடது கை அவள் தலையில் கனமாகக் கிடந்தது.

மறுநாள் லில்லியிடம் போய்ச் சொன்னாள். தொட்டிக்குக் கீழேயே கூடலாம், நானும் வருகிறேன் என்று. "நாங்களா ஒண்ணு நெனச்சிக்கினு வந்து உன் வூட்ட ரொப்பிட்டோம். உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்மா" என்றாள் லில்லி. செல்லியம்மாளுக்கு மட்டும் ஒரு கவலை.

"அவர யாரு பாத்துப்பாங்க? தனியா வுட்டுட்டு வந்து நீ தெருவையே பாத்துக்கினு இருப்ப."

"அதான் அத்த எனக்கும்..."

"எங்க வூட்ல ஒண்ணு டீக்கடை பெஞ்சியத் தேய்ச்சிக்கினு இருக்குது இல்ல? ஒரு மணி நேரம் இங்க வந்து தேய்க்கட்டும்."

புதன்கிழமை மூன்று மணிக்குச் செல்லியம்மாளின் புருஷன் முனிசாமி பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்சவேணி அடை சுட்டிருந்தாள். அடுக்கும்போது திரும்பிப் பார்த்தாள். பூவராகவன் தூக்குப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒன்றை எடுத்தாள். அவன் உதட்டின் நல்ல பக்கம் கொஞ்சம் ஏறியது.

"சட்டம்" என்றான்.

அவள் அதைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்து மூடினாள்.

தொட்டிக்குக் கீழே பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். மழை பெய்து கசிவு அதிகமாகியிருந்தது. ஈரம் படாத இடமாகப் பார்த்து நெருக்கி உட்கார்ந்தார்கள். முதலில் அம்சவேணிக்கு ஒன்றும் ஓடவில்லை. தெருமுனையைப் பார்த்தாள். அடையைப் பிட்டு வாயில் வைத்தாள். அவள் சுட்டதுதான், சூடாக இருந்தது. ஐந்து மாதத்தில் சூடாக எதையும் தின்றதில்லை.

"இப்ப ஏரியில தண்ணி வந்திருக்குமே அத்த" என்றாள் சிம்ரன். "போய்ப் பாக்கலியா?"

"போனேனே. திங்கக்கெழம."

"இன்னா சொன்ன வூட்ல?"

"அதே ரேஷன் கடைதான். கெழவன் கேக்குறான், 'ஏன்டி, ரேஷன் கடைக்குப் போயிட்டு எப்பிடிடி உன் தலையில மீன்கொத்தி எச்சம் வந்துது?'"

சிரிப்பு மேலே பட்டுத் திரும்பி வந்தது. அம்சவேணியும் சிரித்தாள். பாதியில் அவளாகவே நிறுத்தப் பார்த்தாள். ஒரு கணம் ஜன்னல் நினைவுக்கு வந்தது. பிறகு நிறுத்தவில்லை.

நான்கு மணிக்குக் காலிப் பாத்திரத்தோடு வீடு திரும்பினாள். கட்டில் இடம் மாறி ஜன்னலோரம் இருந்தது. முனிசாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

"உன் வூட்டுக்காரன் என்ன வாயத் தொறக்க வுடலம்மா. பேப்பர் படிச்சிக் காட்டலாம்னா 'உஷ்'ன்றான். கட்டில இழு இழுன்றான். இருக்கட்டும், நமக்கு ஒண்ணும் கொண்டாரலியா?"

"வூட்டுக்கு எடுத்தாரக் கூடாது மாமா."

"அது சரி" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் செருப்பைத் தேடினார்.

அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பூவராகவன் இடது கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினான். சிவப்பு போய் வெளுத்திருந்த நகங்கள்.

அம்சவேணி மடங்கியிருந்த கட்டைவிரலைப் பிடித்து, அதையும் நிமிர்த்தி வைத்தாள்.

"அஞ்சு" என்றாள். "ஒண்ணு மெதுவா சிரிச்சேன்."